புத்தி சொல்ல எதற்குக் கம்பஸ்?

உயர்தரப் பெறுபேறு வரும் காலத்தில் புளத்கொகுபிட்டியத் தோட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்புகிறது. கலைப்பிரிவில் நன்றாகச் சித்தியடைந்த பிள்ளை, உளவியல் படித்து, உளவளத்துணையில் ஆராய்ச்சி செய்து, விரிவுரையாளராக வரப்போவதாகச் சொன்னால் போதும். "ஆளுக்குப் புத்தி சொல்ற வேலைக்கு எதுக்குக் கம்பஸ்? நம்ம தலைவர் சொல்லாத புத்தியா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பெற்றோர் சொல்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாடம் நடத்தும் ஆசிரியர்களும் சேர்ந்து சொல்வதைப் பொறுக்க முடியவில்லை.

உளவளத்துணை புத்திமதி அல்ல. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் தோட்டத் தலைவரிடம் முறையிட்டால் என்ன கிடைக்கும்? "பொறுத்துப் போம்மா, பிள்ளைங்க முகத்தப் பாரு." அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கு அந்தக் கணவனையும் தெரியும். நாளைக்குச் சங்கக் கூட்டத்தில் அவனுடைய ஆதரவும் வேண்டும். ஒரு காம்பராவில் பேசியது அடுத்த காம்பராவில் கேட்கும் லயத்தில், காலையில் சொன்னது மாலைக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் முதலில் கற்பதே இதற்கு எதிரான ஒழுக்கத்தை: கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல், சொந்தத் தீர்ப்பை ஒதுக்கிவைத்தல், உயிராபத்து இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்டறிதல், தன் எல்லையை மீறியதென்றால் மருத்துவரிடமோ பொலிஸிடமோ அனுப்புதல். இவற்றை மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில், பிழை திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டுத்தான் பழக முடியும்.

நல்ல மனசு இருந்தால் போதும் என்பவர்கள் அமெரிக்காவின் மசாசுசெட்ஸில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1939இல் அங்கே கேம்பிரிட்ஜ், சமர்வில் என்ற இரு நகரங்களில் 506 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரின் வீடுகளுக்கு ஆலோசகர்கள் பல ஆண்டுகள் போய்வந்தார்கள். அறிவுரை சொன்னார்கள், பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், முகாம்களுக்கு அனுப்பினார்கள். மறுபாதிக்கு எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கோர்ட் அவர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்து, 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பலர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்றே நம்பினார்கள். கணக்கோ வேறு சொன்னது. குடிப்பழக்கம், மீண்டும் மீண்டும் குற்றம், இளவயதுச் சாவு ஆகியவற்றில் உதவி பெற்ற குழுவின் நிலைதான் மோசமாக இருந்தது. அன்பாகச் சொன்ன புத்தியும் கெடுதல் செய்யக்கூடும் என்பதை இப்படி ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததால்தான் உலகம் அறிந்தது. எண்ணிப் பார்க்கும் அந்த வேலைக்குத்தான் பல்கலைக்கழகம் வேண்டும்.

சரியாகச் செய்தால் பலன் உண்டென்பதும் எண்ணித்தான் தெரிந்தது. மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 1977இல் சுமார் 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உளச்சிகிச்சை பெற்ற சராசரி மனிதரின் நிலை, பெறாதவர்களில் 75 சதவீதத்தினரின் நிலையைவிட மேலாக இருந்தது. 2018இல் 295 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு குழு, உளவளத்துணையாளருக்கும் வந்தவருக்கும் இடையே உருவாகும் நம்பிக்கை வலுவாக உள்ள இடத்தில் பலனும் கூடுவதைக் காட்டியது.

கோவாவில் சாதாரண ஆட்கள் மனச்சோர்வுக்கு உளவளத்துணை செய்யவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். செய்தார்கள். விக்ரம் பட்டேலின் குழு 495 பேரிடம் நடத்திய அந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஆனால் அவர்களுக்கு முறையான பயிற்சி இருந்தது. எழுதிவைத்த வழிமுறை இருந்தது. அமர்வுகளின் ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பிடும் ஏற்பாடும் இருந்தது. அந்த வழிமுறையை வகுத்து, சோதித்து, பயிற்றுவித்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள்தான்.

ஆராய்ச்சி ஏன் வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வெளிநாட்டு ஆலோசகர்கள் பலர் இங்கே வந்து இறங்கினார்கள். பேரிடரில் தப்பியவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை அக்காலத்தில் பிரபலம். அதில் பலனில்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. கலிபோர்னியா அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்த இலங்கையரான காயத்ரி பெர்னாண்டோ, மேல்நாட்டு அறிகுறிப் பட்டியலை அப்படியே நீட்டாமல், துன்பப்பட்டவர்களின் கதைகளை இங்குள்ளவர்களிடமே கேட்டு, அவற்றிலிருந்து ஓர் உளநிலை அளவீட்டை உருவாக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த தயா சோமசுந்தரம் உளமருத்துவர்; உளவளத்துணை அவருடைய நேரடித் துறை அல்ல. ஆனாலும் ஒருவரே கற்பிக்கவும், சிகிச்சை செய்யவும், எழுதவும் முடியும் என்பதற்கு அவரைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை. போரின் உளத்தாக்கம் குறித்து 1998இல் நூல் எழுதினார். சக உளமருத்துவர் சிவயோகனுடன் சேர்ந்து சமூகப் பணியாளர்களுக்குக் கைநூல் தந்தார். தனிமனிதருக்கு அப்பால் ஒரு சமூகமே காயப்படுவதை ஆராய்ந்தார்.

உளவளத்துணை பற்றிய மற்றக் கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. கிறுக்குப் பிடித்தவர்தான் உளவளத்துணைக்குப் போவார் என்பது வெறும் பேச்சு. பரீட்சைப் பயம், இழவு, கடன், கணவன் மனைவிச் சண்டை என்று வருபவர்களே அதிகம். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பதும் பொய். நியூயோர்க்கில் 2,000க்கும் அதிகமான மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணம் கேட்கப்படாதவர்களைவிடக் கூடுதலாக இருக்கவில்லை. ஆகவே சந்தேகம் வந்தால் கேளுங்கள்; தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த நாட்டில் தற்கொலை முயற்சி குற்றமல்ல. அந்தச் சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

2016 மே 17இல் இதே புளத்கொகுபிட்டியவின் களுப்பான தோட்டத்தில் மண் சரிந்து 16 பேர் புதையுண்டார்கள். இன்றும் மழை கனத்தால் இந்தப் பக்கத்து லயங்களில் தாய்மார் உறங்குவதில்லை. அந்தப் பயத்தைக் கொழுந்து எடுக்கும் பெண்ணின் தமிழில், பால் வெட்டுபவரின் தமிழில் கேட்டு ஆராய இங்கேயே பிறந்த ஒருவர் வேண்டும். கொழும்பிலிருந்து மொழிபெயர்ப்பாளரோடு வருபவரால் அது ஆகாது. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் உளவியல் படிக்கலாம். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் உளவளத்துணை படிக்கலாம். பிள்ளை போகட்டும், தடுக்காதீர்கள். தோட்ட நிர்வாகங்களும் ஒன்று செய்ய வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையை ஒதுக்கி, தமிழ் பேசும் உளவளத்துணை உத்தியோகத்தரை வாரத்தில் ஒரு நாளாவது அனுப்பும்படி பிரதேச செயலகத்திடம் கேட்க வேண்டும். அந்த நாளில் போய்வரும் தொழிலாளிக்கு அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போடாமல் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும்.