வீட்டுக்கு மாஸ்டர் சாவி: நான்கு முறைகளும் அவற்றின் தகுதியும்

தரைத்தளத்தில் உரிமையாளரும் மாடியில் வாடகைதாரரும் குடியிருக்க, வெளிக்கேட்டு, மாடிப்படிக் கதவு, மோட்டார் அறை, மொட்டைமாடி எனப் பல வாயில்களைக் கொண்ட வீடுகளில், பூட்டுக்கொரு சாவியாகச் சேர்ந்து சாவிக்கொத்து கனத்துவிடுவதால், எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறக்க விரும்புவது இயல்பே. இதற்கு நடைமுறையில் நான்கு முறைகள் உள்ளன. அவற்றுள் மாஸ்டர் சாவி முறையே பலரும் பெயரறிந்தது என்றாலும், பல வீடுகளுக்கு அதைவிட எளியதும் பாதுகாப்பானதுமான வேறொரு முறையே போதுமானது.

பூட்டின் உள்ளமைப்பு

இன்று கதவுகளில் பொருத்தப்படும் சிலிண்டர் பூட்டுகள், அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1861-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தவை. சாவி நுழையும் உருளைக்குள் ஐந்து அல்லது ஆறு துளைகளும், ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு உலோகக் குச்சிகளும், அவற்றை மேலிருந்து அழுத்தும் சுருள்வில்லும் இருக்கும். சரியான சாவி நுழைந்ததும் அதன் வெட்டுகள் கீழ்க்குச்சிகளை உரிய உயரத்துக்கு நகர்த்த, எல்லாத் துளைகளிலும் இரு குச்சிகள் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும். பிரிகோடு எனத்தக்க அந்தக் கோட்டில் குச்சிகள் பிரிவதால்தான் உருளை சுழல்கிறது.

மாஸ்டர் சாவிக்கான பூட்டில் இரு குச்சிகளுக்கும் இடையே மெல்லிய வில்லை ஒன்று கூடுதலாக வைக்கப்படுகிறது. ஒரு துளைக்குரிய இடத்தில் வாடகைதாரரின் சாவி 3-ஆம் ஆழத்திலும் மாஸ்டர் சாவி 5-ஆம் ஆழத்திலும் வெட்டப்படுவதாகக் கொண்டால், அந்தத் துளையில் 3 அலகுக் குச்சியும் அதன்மேல் 2 அலகு வில்லையும் இடப்படும்; முதற்சாவிக்கு வில்லையின் அடிப்பக்கமும், இரண்டாம் சாவிக்கு அதன் மேற்பக்கமும் பிரிகோட்டில் வந்து நிற்பதால் இரண்டுமே பூட்டைத் திறக்கின்றன. ஐந்து துளைகளிலும் இவ்வாறு வில்லை இருந்தால், திறக்கக்கூடிய வெட்டு வரிசைகள் 2 × 2 × 2 × 2 × 2 என 32 ஆகின்றன. தேவையான இரண்டு சாவிகளுக்காக, எவரும் கேட்காத 30 சாவிகளுக்கும் அந்தப் பூட்டு இடம் தருகிறது.

நான்கு முறைகள்

முதலாவது, எல்லாப் பூட்டுகளையும் ஒரே வெட்டுக்கு அமைக்கும் ஒரே சாவி முறை. இதில் வில்லை எதுவும் சேராததால் ஒவ்வொரு பூட்டும் தன் முழுப் பாதுகாப்போடு இருக்கும், செலவும் குறைவு. ஆயினும் அந்தச் சாவியை வைத்திருப்பவர் எல்லாக் கதவுகளையும் திறக்கலாம் என்பதால், வீட்டார் மட்டும் புழங்கும் வீட்டுக்கே இது பொருந்தும். ஒரு சாவி தொலைந்தாலும் எல்லாப் பூட்டுகளையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மாஸ்டர் சாவி முறை. ஒவ்வொருவரும் தத்தம் கதவை மட்டும் திறக்க, உரிமையாளரின் சாவி எல்லாவற்றையும் திறக்கும். வாடகைதாரர் தம் சாவியைத் தொலைத்தால் அந்த ஒரு பூட்டை மாற்றினால் போதும். மாஸ்டர் சாவி தொலைந்தாலோ முழு அமைப்பையும் புதிதாக அமைக்க நேரும். குடியிருக்கும் வாடகைதாரரின் வீட்டுக் கதவை இதில் சேர்ப்பதாயின் அவருடைய இசைவு தேவை. முன்னறிவிப்பின்றி உரிமையாளர் உள்ளே நுழைவதைத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் ஏற்பதில்லை.

மூன்றாவது, பொதுவாயில் முறை. இது மாஸ்டர் சாவி முறையின் மறுதலை: அங்கே ஒரு சாவி பல பூட்டுகளைத் திறக்க, இங்கே பல சாவிகள் ஒரே பூட்டைத் திறக்கின்றன. நான்கு குடித்தனங்கள் உள்ள கட்டடத்தில் அவரவர் வீட்டுச் சாவியே தெருக்கதவையும் திறக்கும் வசதி இதனால் கிடைக்கிறது. ஆனால் குடித்தனங்கள் பெருகப் பெருகத் தெருக்கதவுப் பூட்டில் வில்லைகளும் பெருகி அது வலுவிழப்பதால், அந்தக் கதவை மட்டுமே நம்பியிருப்பது சரியாகாது.

நான்காவது, கடவு எண், அட்டை அல்லது கைரேகையால் திறக்கும் மின்னணுப் பூட்டு. வேலையாளுக்குக் கொடுத்த எண்ணை அவர் நின்றதும் நீக்கிவிட முடிவது இதன் பெரிய நன்மை. பெரும்பாலும் பேட்டரியில் இயங்குவதால் மின்தடை இதைப் பாதிப்பதில்லை. பேட்டரியைக் காலத்தில் மாற்றுவதில் கவனம் வேண்டும். இவற்றுள் பலவற்றில் அவசரத்துக்கு உதவும் சாதாரணச் சாவித்துளையும் இருப்பதால், அந்தச் சிலிண்டரின் தரத்தையும் பார்த்தே வாங்க வேண்டும்.

மாஸ்டர் சாவியின் பலவீனம்

2003-இல் அமெரிக்காவின் ஏடி அண்டு டி ஆய்வகத்தைச் சேர்ந்த மாட் பிளேஸ், ஒரு சாதாரணச் சாவியும் அதற்குரிய பூட்டும் வெட்டப்படாத சில சாவிகளும் கையில் இருந்தால், பூட்டைக் கழற்றாமலேயே மாஸ்டர் சாவியின் வெட்டுகளைக் கண்டறிய முடியும் என்று விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆகவே இம்முறையை மேற்கொள்வோர், தெருவோரச் சாவிக்கடைகளில் எளிதாகக் கிடைக்காத வடிவமுடையதும், அடையாள அட்டையைக் காட்டினாலன்றி நகல் வெட்டித் தரப்படாததுமான சாவிவகையைத் தேர்வது நல்லது. நகையும் ஆவணமும் உள்ள அறை, பீரோ ஆகியவற்றின் பூட்டுகள் எந்தப் பொது அமைப்பிலும் சேராமல் தனியே இருக்க வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு தாளில் கதவுகளை மேலிருந்து கீழாகவும், வீட்டில் புழங்குவோரை இடமிருந்து வலமாகவும் எழுதி, யார் எதைத் திறக்கலாம் என்று குறியிட வேண்டும். எல்லாக் குறிகளும் எல்லாருக்கும் பொதுவாக அமைந்தால் ஒரே சாவி முறையே போதும். ஆளுக்கு ஆள் வேறுபட்டால்தான் மாஸ்டர் சாவியைப் பற்றி எண்ண வேண்டும். பின்னாளில் சேரக்கூடிய மாடி அறைக்கும் இப்போதே இடம் விட்டுச் சொன்னால், அமைப்பை விரிக்க வழியிருக்கும்.

சாவித்துளையின் வடிவம் மாறினால் சாவி உள்ளேயே நுழையாது என்பதால், எல்லாச் சிலிண்டர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்க வேண்டும். தகடுகள் உயர்ந்து தாழ்ந்து இயங்கும் லீவர் வகைத் திண்டுக்கல் பூட்டுகள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற உறுதிமிக்கவை என்றாலும், சிலிண்டர் அமைப்பில் சேரமாட்டா; கேட்டுக்கு அத்தகைய பூட்டு இருந்தால் அதன் சாவியைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

கதவுக்குள் புதைந்த மார்ட்டைஸ் பூட்டில் முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. கதவின் விளிம்பிலுள்ள நீண்ட திருகாணியைக் கழற்றிச் சாவியைச் சற்றே திருப்பினால் சிலிண்டர் மட்டும் தனியே வந்துவிடும். திருகாணித் துளையின் நடுவிலிருந்து இருபுறமும் தனித்தனியே அளந்து, 30 + 30 மி.மீ. என்பதுபோலக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். தீ விபத்தின்போது சாவியைத் தேடாமல் வெளியேற, உட்புறம் கைத்திருகு உள்ள சிலிண்டரே குடியிருப்புக் கதவுக்கு ஏற்றது.

தொகுத்துக் கூறின், ஒரே குடும்பம் வாழும் வீட்டுக்கு ஒரே சாவி முறையும், வாடகைக் குடித்தனங்கள் உள்ள வீட்டின் பொதுக்கதவுகளுக்கு மாஸ்டர் சாவி முறையும், ஆட்கள் அடிக்கடி மாறும் கதவுக்கு மின்னணுப் பூட்டும் ஏற்றவை. எதைத் தேர்ந்தாலும், எந்தச் சாவி யாரிடம் உள்ளது என்ற பதிவேட்டை முதல் நாளிலிருந்தே எழுதி வர வேண்டும்.