சேவை நாய்க்கு விண்ணப்பிக்க நினைக்கும் பெற்றோருக்கு

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சேவை நாய் எடுக்கலாமா என்று ஸ்காபரோவில் தாய்மார் பலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை ஓடுமா?" கையை உதறிவிட்டுக் கார் வரும் பக்கம் பாய்கிற பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு இந்த நாயின் பெறுமதி உடனே விளங்கும். என் மகன் அப்படிப்பட்டவன். கடைக்கு நானும் கணவரும் சேர்ந்தேதான் போவோம். ஒருவர் சாமான் எடுக்க, மற்றவர் அவனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு போவதையே குறைத்துக்கொண்டோம்.

இப்போது அவன் இடுப்பில் ஒரு பெல்ட். அதிலிருந்து ஒரு வார் நாயின் ஜக்கெட்டில் கொழுவியிருக்கும். நாயின் கயிறு என் கையில். அவன் பாய்ந்தால் நாய் அப்படியே ஊன்றி நின்றுவிடும். துரத்துவதும் இல்லை, இழுத்து வருவதும் இல்லை. நான் எட்டிப் பிடிப்பதற்குச் சில விநாடிகள் கிடைக்கின்றன. அந்த விநாடிகளுக்காகத்தான் இவ்வளவு பயிற்சியும். கட்டளை கொடுப்பவர் பெற்றோர். நாயையும் பிள்ளையையும் வாரில் கொழுவிவிட்டுப் பெரியவர் விலகவே கூடாது. "நாய் பார்த்துக்கொள்ளும்" என்று நினைப்பவர்கள் தயவுசெய்து விண்ணப்பிக்க வேண்டாம்.

இந்த வேலைக்கென நாய்களைப் பழக்குவதை முன்னோடியாகத் தொடங்கிய இடம் நமக்குக் கிட்டத்தான் இருக்கிறது. ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜில் உள்ள நேஷனல் சேர்விஸ் டோக்ஸ் 1996இல் தொடங்கியது. ஓக்வில்லில் லயன்ஸ் அமைப்பின் நாய்ப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. அங்கே குடும்பங்களிடம் நாய்க்குப் பணம் வாங்குவதில்லை. காத்திருப்பு வருடக்கணக்கில் நீளலாம். பிள்ளை சிறியவனாக இருக்கும்போதே படிவத்தை நிரப்புங்கள். வளர்ந்து பாரமான பிள்ளையை நாயால் நிறுத்த முடியாது.

ஆய்வு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: மொன்றியல் ஆய்வாளர்கள் 2010இல் 42 பிள்ளைகளின் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனை அளந்து பார்த்தார்கள். காலையில் எழும்பியதும் அது ஏறும் அளவு, நாய் வீட்டில் இருந்த காலத்தில் குறைந்தது. நாயைச் சிறிது காலம் விலக்கியதும் திரும்பவும் கூடியது. எனக்கு இது நம்பிக்கை தந்தது. ஆனாலும் ஓட்டிசத்துக்கு மருந்தாக நாயை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பேச்சுப் பயிற்சியும் மற்றப் பயிற்சிகளும் அப்படியே தொடர வேண்டும்.

எங்கள் வீட்டில் பெரிய கதை என் அம்மாதான். "நாய் வீட்டுக்குள்ளையோ? சாமி அறை இருக்கிற வீடு பிள்ளை!" என்றார். அவரோடு வாதாடவில்லை. சாமி அறைக் கதவு சாத்தியே இருக்கும் என்று ஒப்புக்கொண்டோம். கோயிலுக்குப் போனால் எங்களில் ஒருவர் நாயோடு வெளியே நிற்போம். இரவில் பேரன் எழும்பி வாசல் கதவைத் திறக்கப் போவது குறைந்ததைக் கண்டபின் அம்மாவே நாய்க்குத் தண்ணீர் வைக்கத் தொடங்கினார். அவருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, எங்கள் சாப்பாட்டைக் கொடுக்க வேண்டாம் என்பது. வெங்காயம், உள்ளி இரண்டும் நாய்க்கு நஞ்சு. கேசரியிலும் பாயாசத்திலும் போடும் முந்திரிகை வற்றல் அதைவிட மோசம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். பனிக்காலத்தில் நடைபாதையில் கொட்டும் உப்பு பாதத்தை எரிக்கும்; வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடையுங்கள்.

மகன் தொடக்கத்தில் நாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்து நாயின் மேல் வைக்காதீர்கள் என்று பயிற்றுநர் சொன்னார். நல்ல புத்தி அது. அவனாகவே ஒருநாள் அதன் காதைத் தடவினான். இப்போது சத்தம் தாங்காமல் காதைப் பொத்தினால், நான் சொல்ல நாய் வந்து அவன் மடியில் தலையை அழுத்தி வைக்கும். அந்தப் பாரம் அவனை ஆற்றுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நடக்கும் என்றில்லை. நாய்க்குப் பயந்த பிள்ளை, குரைப்பைத் தாங்காத பிள்ளை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

பள்ளிக்கூடம் வேறு விஷயம். சேவை நாய் பற்றிய கொள்கையைப் பள்ளிச் சபைகள் வகுக்க வேண்டும் என்று ஒன்ராறியோ கல்வி அமைச்சு 2019இல் பணித்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பேசித்தான் முடிவெடுப்பார்கள். வகுப்பில் நாயைக் கையாளும் பெரியவர் யார் என்ற கேள்விக்குப் பதிலோடு போங்கள். எங்களிடம் பதில் இருக்கவில்லை; நாய் வீட்டில் நிற்கிறது.

சொந்தக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். ஜக்கெட் போட்ட நாயைக் கூப்பிடாதீர்கள், தடவாதீர்கள். அப்போது அது வேலையில் இருக்கிறது. அதற்குப் பதிலாக எங்களோடு கதையுங்கள். கலியாணத்துக்கு அழைக்கும்போது "நாயையும் கூட்டிவாங்கோ" என்று சொல்லி, ஒலிபெருக்கிக்குத் தூரமாக, கதவுக்குக் கிட்ட ஒரு மேசை ஒதுக்கித் தாருங்கள். நாங்கள் வருவோம்.