கம்பா, ராகியா, சோளமா? மதுக்கரையில் கூழ் புளிக்க வைப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் சுரங்கத்திலும் வார்ப்படப் பட்டறையிலும் வேர்த்து உழைத்தவர்களின் தாகத்துக்கு இருந்தது மைல்டு ஏல் என்ற பார்லி பீர். பழைய செய்முறைகளைத் தேடி அதை வீட்டில் காய்ச்சுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1963 முதல் அதற்கு உரிமம் வேண்டியதில்லை. இங்கே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அதற்கு இடம் தராது. ஆனால் கொங்கு நாட்டுக் காட்டு வேலைக்காரர்களின் தாகத்தைத் தீர்த்ததும் புளித்த தானியம்தான். நாம் மீட்க வேண்டியது அந்தக் கூழை.

எந்தத் தானியம் என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. ருசிதான் முக்கியம் என்றால் கம்பு. தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் இடித்துத் தவிடு நீக்கி, நொய்யாக உடைத்து வேகவைக்க வேண்டும். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினாலும் போதும். ஆறியதும் உருண்டை பிடித்து மண்சட்டித் தண்ணீரில் போட்டால், மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரே இளம்புளிப்பாக இருக்கும். உருண்டையைக் கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். கம்பில் கொழுப்பு அதிகம். மாவாக அரைத்து வைத்தால் சில நாளிலேயே சிக்குவாடை வந்து கசக்கும். தானியமாக வாங்கி, வேண்டியபோது உடையுங்கள்.

இடிக்க நேரமில்லாதவர்களுக்கு ராகி. மாவு சீக்கிரம் கெடாது, எங்கும் கிடைக்கும், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கம்புக்கு மாறாக, இதில் மாவைக் கரைத்து முதல் இரவே புளிக்க விட்டு, பிறகு அரிசி நொய்யோடு காய்ச்ச வேண்டும். பார்லியைப் போல முளைகட்டி மால்ட் ஆக்கவும் ராகியே சிறந்தது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி நீர்த்து இனிக்கும். வறுக்கும்போது சூடு அதிகமாக விடாதீர்கள், நொதி செத்துவிடும்.

சோளக் கூழ் சாதுவானது, வயிறு நிறையும். ருசியில் கம்புக்கு அடுத்துதான். ஒன்றே ஒன்று: சோளத்தை முளைகட்டாதீர்கள். அதன் முளையிலும் வேரிலும் சயனைடு விடும் பொருள் சேர்கிறது.

தானியத்தைவிட அதிகம் யோசிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. மதுக்கரை சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலை வந்ததே அதனால்தான். இங்கே போர் தண்ணீரில் கூழ் வைத்தால் அதிலுள்ள பைகார்பனேட் புளிப்பை விழுங்கிவிடும். கூழ் மந்தமாக இருக்கும். லண்டன் தண்ணீரும் இதே வகை. அங்கே கருக வறுத்த மால்ட்டின் அமிலம் அதைச் சரிக்கட்டியது. கருப்பு பீர்கள் அந்த ஊரில் நன்றாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நமக்குச் சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால் கவலையே இல்லை. இல்லையென்றால் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படியும் வெள்ளையை விட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் ஓர் இரவு போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடியில் இன்னும் சில மணி நேரம் விடுங்கள். நூல் இழுத்தாலோ நிறப்பூஞ்சை கண்டாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

முதல்முறை வைப்பவர்கள் ராகியில் தொடங்குங்கள். கை பழகியதும் கம்புக்கு வாருங்கள். கொங்கு ருசி அதில்தான் இருக்கிறது.