ஒரு சாக்லேட் துண்டின் கதை

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

சென்ற பிறந்தநாளுக்கு அப்பா ஒரு பெரிய டெய்ரி மில்க் வாங்கி வந்தார். வீட்டில் நாங்கள் ஆறு பேர். கட்டம் கட்டமாக உடைத்துப் பகிர்ந்தோம். தாத்தா தம் பங்கை வாயில் போட்டுக்கொண்டு, "இதை யாரம்மா செய்யறாங்க?" என்று கேட்டார். பட்டு நெய்தவர் அல்லவா! எப்பொருளைக் கண்டாலும் செய்தவரைத்தான் முதலில் கேட்பார். அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பிறந்த கதை

1824-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜான் காட்பரி என்பவர் தேநீர், காப்பி, குடிக்கும் சாக்லேட் ஆகியவற்றை விற்கும் கடை திறந்தார். அன்று சாக்லேட் ஒரு பானமே. 1847-இல் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் அதைக் கடித்துத் தின்னும் கட்டியாக்கியது. 1875-இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் அதில் பால் சேர்த்தார். அதைவிடப் பால் மிகுந்ததாக 1905-இல் காட்பரி வெளியிட்டதே டெய்ரி மில்க்.

செய்முறை

கோகோ மரத்தின் காயிலுள்ள விதைகளைச் சில நாள் புளிக்க வைத்து, உலர்த்தி, வறுத்து அரைப்பர். பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சி, கோகோ விழுதைக் கலந்து உலர்த்துவது ஆங்கிலேயர் முறை. நம் வீட்டில் பால்கோவா கிண்டும்போது எழும் மணம் நினைவிருக்கிறதா? அந்தச் சாக்லேட்டின் தனிச்சுவைக்கும் பால் சுண்டுவதே காரணம்.

இனிப்பினுள் கசப்பு

காட்பரி குடும்பத்தார் தம் தொழிலாளருக்காகப் போர்ன்வில் என்னும் ஊரில் தோட்டத்துடன் கூடிய வீடுகள் கட்டினர். ஆனால் அவர்கள் வாங்கிய கோகோவில் பெரும்பங்கு, போர்ச்சுக்கீசியரின் சாவோ தோமே தீவில் விளைந்தது. அங்கே அங்கோலா நாட்டு மக்கள் அடிமைகளைப் போல் வேலை வாங்கப்பட்டனர். 1901-இலேயே இச்செய்தி நிறுவனத்துக்கு எட்டியது. விசாரணையும் பேச்சுவார்த்தையுமாக ஆண்டுகள் ஓடின. அத்தீவின் கோகோவை வாங்குவதை நிறுத்தியது 1909-இல்தான். அவ்வாண்டே, தம்மைப் பழித்த ஒரு நாளேட்டின் மீது தொடுத்த வழக்கில் நிறுவனம் வென்றது. கிடைத்த இழப்பீடோ ஒரு பென்னியில் கால் பங்கு!

நம் நாட்டில்

கோகோ இந்தியாவுக்கு வந்தது 1798-இல். முதலில் நட்ட இடம் நம் குற்றாலம்! எனினும் அது அன்று பரவவில்லை. 1948-இல் காட்பரி நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பட்டது. 1965 முதல் கேரளத்தில் கோகோ பயிரிட உழவரை ஊக்குவித்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளிலும் கோகோ ஊடுபயிராக நிழலில் வளர்கிறது. 2010-இல் அந்த நிறுவனமே அமெரிக்காவின் கிராஃப்ட் கைக்கு மாறியது. இந்தியாவில் 2014 முதல் மாண்டலீஸ் எனப் பெயர் பெற்றது.

முடிவுரை

இவற்றையெல்லாம் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். சாவோ தோமே பற்றிக் கேட்டதும் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ள ஒரு துணையாள் வேணும். எங்கப்பா வாங்கின முன்பணத்துக்காக எட்டு வயசில் என்னை உட்கார வச்சாங்க. பள்ளிக்கூட மணி காதில் விழும்; எழுந்து போக முடியாது."

தாத்தாவுக்கு எழுத்துக் கற்றுத்தர எவரும் இல்லை. தம் பேத்தியைத் தறியில் உட்கார வைக்க அவர் ஒருநாளும் இசைந்ததில்லை. அதனால்தான் இன்று நான் இதை எழுதுகிறேன்.

தோழியரே, சாக்லேட்டோ பட்டுச்சேலையோ, கையில் எடுக்கும்போது தாத்தாவின் கேள்வியை நாமும் கேட்போம். கோகோ விளையும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் நம்மினும் இளைய பிள்ளைகள் இன்றும் தோட்டங்களில் உழைக்கின்றனர். கேட்பவர் பலரானால், பதில் சொல்ல எட்டு ஆண்டுகள் ஆகாது அன்றோ!