இஞ்ச் டேப்பையும் எடு, தங்கச்சி

போன் ஆப்புல உயரத்தையும் எடையையும் தட்டி, பச்சை வந்துடுச்சுன்னு நிம்மதியா இருக்கியா? இல்ல, சிவப்பு வந்ததும் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திட்டியா? ரெண்டுக்கும் அவசரப்படாதே. ஆப்பு காட்டுற அந்த பி.எம்.ஐ. எண், உன் உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு மட்டும்தான் பார்க்கும். அந்த எடையில சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது எங்க சேர்ந்திருக்குன்னு பார்க்காது.

முதல்ல, உன் ஆப்பு எந்தக் கோட்டை வச்சிருக்குன்னு பாரு. 155 செ.மீ. உயரம், 58 கிலோன்னா பி.எம்.ஐ. 24.1. நிறைய ஆப்புல 25 வரைக்கும் நார்மல்தான். நம்ம நாட்டு டாக்டர்கள் 2009-லயே கோட்டைக் கீழே இறக்கிட்டாங்க: 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன்.

ஏன் இறக்கினாங்கன்னா, நம்ம உடம்பு வாகு அப்படி. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒண்ணு 2004-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்ம யாஜ்னிக்குக்கு 21.2! பார்த்தா ரெண்டு பேருமே ஒல்லிதான்.

நம்ம கரையிலயே பாரு. சின்னப்பாலத்துல பாசி எடுக்கக் கடல்ல முங்குற அக்காமாரையும், பாம்பன்ல வலை இழுக்குற அண்ணன்மாரையும் தராசுல ஏத்தினா எண் கூடத்தான் காட்டலாம். அதுல பாதி உழைச்ச சதையா இருக்கும். நாள் முழுக்கக் கடையில உட்கார்ந்தே இருக்கிறவருக்கு 22 வரும், சட்டை பட்டன் மட்டும் தெறிக்கும். எனக்குப் பின்னவரைப் பத்தித்தான் கவலை.

அதனால இடுப்பை அள. தையக்கார அக்காகிட்ட இருக்கிற டேப் போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல சுத்து. புடவை, பாவாடை நாடா மேல வேண்டாம். வயித்தை எக்காதே (எல்லாரும் எக்குவோம்!), மூச்சை விட்டுட்டுப் பாரு. பொம்பளைங்களுக்கு 80 செ.மீ., ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ. வந்துட்டாலே கவனிக்கணும். டேப் இல்லையா? தலையிலிருந்து கால் வரை உன் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி ரெண்டா மடி. அது இடுப்பைச் சுத்தி வந்து முட்டலேன்னா தொப்பை கூடிப்போச்சு.

மாசமா இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு வயசுக்கேத்த அட்டவணை தனியா இருக்கு. அப்பத்தாவுக்கு எண் நல்லா இருக்கேன்னு விட்டுடாதே. வயசானா சதை கரைஞ்சு, அந்த இடத்துல கொழுப்பு ஏறியிருக்கும். தரையிலிருந்து கை ஊனாம எந்திரிக்கிறாங்களான்னு பாரு.

ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல வந்துச்சு: தமிழ்நாட்டுப் பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. 30 தாண்டிட்டா பி.எம்.ஐ. என்ன வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கரையும் பி.பி.யும் பார்த்துடு, காசு கிடையாது. பி.பி. எதுக்குன்னா, நம்ம சாப்பிடுற கருவாட்டு உப்பு பி.எம்.ஐ.ல தெரியாது, பி.பி.லதான் தெரியும். கருவாட்டை விடச் சொல்லலை. ஊற வச்சு ரெண்டு தண்ணி கழுவி, குழம்புக்கு உப்பைக் கடைசியா ருசி பார்த்துப் போடு.