எல்லையோர டிசைனர் எதை முதலில் வாங்க வேண்டும்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலைப் பக்கம் வீட்டின் ஓர் அறையில் டிசைன் வேலை தொடங்குகிறவருக்கு வரும் ஆர்டர்களைப் பாருங்கள். மலையாளத்தில் கோயில் உற்சவ நோட்டீஸ், இரண்டு மொழியிலும் கல்யாணக் கார்டு, களியக்காவிளை ஜவுளிக்கடைக்கு இன்ஸ்டாகிராம் போஸ்ட். 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. கல்யாணமும் கடைத்தெருவும் அந்த எல்லைக்கோட்டை மதிக்கவில்லை. அதனால் எந்த லேப்டாப், எந்த சாஃப்ட்வேர் என்ற கேள்விக்கு முன்னால், நீங்கள் செய்யும் ஃபைல் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்தே முடிவாகும்.

முதலில் அச்சகத்துக்குப் போங்கள். நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், சிவகாசி என்று நீங்கள் வேலை கொடுக்கப்போகிற இடங்களில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அண்ணே, பிடிஎஃப் எடுப்பீங்களா, கோரல் ஃபைல்தான் வேணுமா?" பழைய அச்சகங்கள் பல இன்னும் கோரல்டிராவில்தான் ஓடுகின்றன, அதுவும் பழைய வெர்ஷனில். புது வெர்ஷன் ஃபைல் அங்கே திறக்காது. பிடிஎஃப் எடுப்பவர்கள் என்றால் கோரலுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. எழுத்தையெல்லாம் கர்வ் செய்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் விட்டு அனுப்பினால் முடிந்தது. கிராக் செய்த சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு வரி: அதோடு சேர்ந்து வரும் வைரஸ் வாடிக்கையாளரின் ஃபைலையும் தின்றுவிடும்.

கேரளப் பள்ளியில் படித்தவருக்கு ஒரு வசதி உண்டு. ஐடி@ஸ்கூல், இப்போதைய 'கைட்', லினக்ஸில் ஜிம்ப்பையும் இங்க்ஸ்கேப்பையும் வகுப்பிலேயே பழக்கிவிட்டது. இரண்டும் இலவசம், தமிழையும் மலையாளத்தையும் உடைக்காமல் காட்டுபவை. இங்க்ஸ்கேப் கால் வாருவது அச்சு நிறத்தில், அதாவது சிஎம்ஒய்கே-யில். அதற்கு லோகோவை இங்க்ஸ்கேப்பில் வரைந்து, எழுத்தைப் பாத் ஆக்கி, ஸ்கிரைபஸில் கொண்டுவந்து பிடிஎஃப் எடுக்கலாம். 2024 ஜனவரியில் வந்த ஸ்கிரைபஸ் 1.6-இல் நம் எழுத்துகள் ஒழுங்காக வருகின்றன. 2025 அக்டோபரில் இலவசமான அஃபினிட்டியின் மேல் பலருக்கும் ஆசை. ஆனால் இந்திய எழுத்துகளைக் கோப்பதில் அது நெடுநாளாகப் பின்தங்கியே இருந்தது. இறக்கியதும் 'கோயில்', 'ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள். 'கோ'வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால் மூடிவிடலாம். மலையாளக் கூட்டெழுத்துக்கும் இதே சோதனைதான். இன்டிசைன் வைத்திருப்பவர்கள் பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' தேர்ந்தெடுத்துவிட்டுச் சோதியுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும்.

ஃபான்ட்தான் இந்தப் பக்கத்து டிசைனரின் உண்மையான முதலீடு, அதற்குக் காசும் வேண்டாம். இரண்டு மொழி ஒரே கார்டில் வரும்போது தமிழ் தடித்தும் மலையாளம் மெலிந்தும் நின்றால் பெண் வீட்டார் ஒரு பக்கம் முகம் சுளிப்பார்கள். அக்காள் தங்கை போல ஜோடியாக வரைந்த ஃபான்ட் குடும்பங்களை எடுங்கள்: அனேக் தமிழ் – அனேக் மலையாளம், நோட்டோவின் இரண்டு மொழி வடிவங்கள், கொஞ்சம் குறும்பான வேலைக்கு பாலூ தம்பி – பாலூ சேட்டன். (பெயர் வைத்தவருக்கு நம் எல்லையைத் தெரிந்திருக்குமோ!) மலையாளத்தில் மஞ்சரியைக் கொடுத்த சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவே தமிழுக்கு மீரா இனிமையையும் கொடுத்திருக்கிறது. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் வாடிக்கையாளர் மேட்டர் அனுப்பினால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி கருவிகள். இங்கே கம்ப்யூட்டரைக் கொல்வது மின்னல். ஏப்ரல்-மே மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மத்தியானத்துக்கு மேல் இடி கூடிவரும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை கவனம் என்று எச்சரிப்பது இதற்காகத்தான். வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுத்தான் புதுக் கம்ப்யூட்டரைச் செருக வேண்டும். வானம் கருத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே நல்ல பாதுகாப்பு. யுபிஎஸ் மின்னலைத் தடுக்காது, ஃபைலைச் சேவ் செய்து அணைக்க நேரம் கொடுக்கும், அவ்வளவுதான். லேப்டாப் வைத்திருப்பவருக்கு அதுகூட வேண்டாம். ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போதும். நெட் கனெக்ஷன் ஃபைபராக இருக்கட்டும்: கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, பழைய செம்புக் கம்பி வழியாக வந்த ஆபத்து அதில் இல்லை.

லேப்டாப்பில் 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, கூடவே 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் வேண்டும். பணம் குறைந்தால் லேப்டாப்பில் ஒரு படி இறங்குங்கள், மானிட்டரில் இறங்காதீர்கள். எஸ்ஆர்ஜிபி முழுவதும் காட்டும் திரை இல்லாமல் நிறம் பார்க்க முடியாது. அந்தத் திரையிலும் மின்னுகிற நீலம் அச்சில் மங்கித்தான் வரும், முதல் வேலைக்கு ஒரு புரூஃப் கேட்டு வாங்குங்கள். பென் டேப்லெட் படம் வரைபவருக்கு மட்டும். மழைக்காலத்தில் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நாற்காலியைக் கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக பில். உங்கள் மேசையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் டிசைன் சட்டப்படி வெளிமாநில வேலை. பயம் வேண்டாம்: 2017 அக்டோபர் அறிவிப்பின்படி, சேவை மட்டும் செய்பவர் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை மாநிலம் கடந்தாலும் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சடித்த கவரையோ அட்டைப்பெட்டியையோ நீங்களே விற்றால் அது சரக்கு. சரக்கு எல்லை தாண்டினால் அந்த 20 லட்சக் கணக்கு செல்லாது. முதல் கவர் ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அல்லது அச்சகமே கடைக்காரருக்கு நேராக பில் போடட்டும்.