டேலி ஆனால் போதுமா?

“சார், கணக்கெல்லாம் பைசா சுத்தமா டேலி ஆயிடுச்சு. நீங்க கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.”

மார்ச் முடிந்ததும் தணிக்கையாளர்களின் காதில் விழும் முதல் பேச்சு இது. நூல் வியாபாரி சொல்கிறார், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் சொல்கிறார், கோயில் திருப்பணிக் குழுவில் கணக்கு எழுதுகிறவரும் சொல்கிறார். பொதுக்குழுவில் யாராவது எழுந்து கேள்வி கேட்டால், “டேலி ஆன கணக்குல என்ன சந்தேகம்?” என்று அதட்டி உட்கார வைக்கிறார்கள். கேட்டவரும் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதுபோல உட்கார்ந்துவிடுகிறார். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடே இல்லாமல் பரவியிருக்கும் இந்த நம்பிக்கையை முதலில் உடைத்துவிடுவோம். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

நம்பிக்கை 1: இரண்டு பக்கமும் சமமாக வந்தால் கணக்கு சரி.

உண்மை: இல்லை. கணக்கு எழுதியவர் ஒவ்வொரு பதிவையும் இரண்டு இடத்தில் ஒரே தொகைக்கு எழுதியிருக்கிறார் என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு பற்றும் ஒரு வரவும் உண்டு, தொகையும் ஒன்றுதான். அப்படி எழுதிக்கொண்டே போனால் கடைசியில் இரண்டு மொத்தமும் சமமாகத்தான் வரும். அந்த நடவடிக்கை உண்மையில் நடந்ததா, தொகை சரியா, சரியான கணக்கில் ஏறியதா, விட்டுப்போனது ஏதும் உண்டா என்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அந்தச் சமம் பதில் சொல்லாது.

ஒரு நூல் கடையின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 40,000 ரூபாய்க்கு வாங்கிய சரக்கின் பில் மேசை இழுப்பறையிலேயே தங்கி, பதிவே ஆகவில்லை. இரண்டு பக்கத்திலும் 40,000 குறைவு, ஆனால் டேலி ஆகும். கரூர் வாடிக்கையாளர் பெயரில் எழுத வேண்டிய 12,500 ரூபாய் ஈரோடு வாடிக்கையாளர் பெயரில் ஏறிவிட்டது. அதுவும் டேலி ஆகும். 85,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஜெனரேட்டரைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதிவிட்டார்கள். இதனால் அந்த ஆண்டின் லாபம் அடிபடுகிறது, சொத்தும் குறைந்து தெரிகிறது, ஆனாலும் டேலி ஆகும். ஓரிடத்தில் 1,000 ரூபாய் கூடுதலாகவும் எதிர்ப்பக்கத்தில் வேறோரிடத்தில் அதே 1,000 கூடுதலாகவும் விழுந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். விடுபிழை, விதிப்பிழை, ஈடுசெய் பிழை என்று பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பதிவியலில் இவற்றைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வு இவற்றைக் காட்டிக்கொடுக்காது என்று மதிப்பெண்ணுக்காக எழுதியவர்கள், வேலைக்கு வந்த மறுநாளே அதை மறந்துவிடுகிறார்கள்.

கையால் பேரேடு எழுதிய காலத்தில் டேலி ஆவதற்கு ஓரளவு மதிப்பு இருந்தது. இருப்பாய்வில் 900 ரூபாய் வித்தியாசம் வந்தால், பழைய கணக்குப்பிள்ளை அதை முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், 5,400 என்பதை 4,500 என்று எண் மாற்றி எழுதியிருக்கலாம் என்று அந்தத் திசையில் தேடுவார். அடுத்து வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடுவார். 3,200 ரூபாய் பற்றுக்குப் பதில் வரவில் விழுந்திருந்தால் வித்தியாசம் 6,400 ஆக வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தத் தேடலில் பல தவறுகள் பிடிபட்டன.

இன்றைக்குக் கணினி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பற்றும் வரவும் சமமில்லாவிட்டால் மென்பொருள் அந்தப் பதிவை ஏற்கவே ஏற்காது. தொடக்க இருப்பைத் தப்பாக ஏற்றினால் மட்டும், அந்த வித்தியாசத்தைத் தனி வரியாகக் காட்டும். அதையும் அனாமத்துக் கணக்கில் தள்ளி மூடிவிடுகிறார்கள். வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை தற்காலிகமாக நிறுத்திவைக்கும் இடம் அனாமத்து. அது ஐந்து ஆண்டுகளாக அதே தொகையோடு இருப்பு நிலைக் குறிப்பில் நிற்கிறது என்றால், யாரும் தேடவில்லை என்றுதான் பொருள். ஆக, கணினிக் கணக்கு டேலி ஆவதில் எழுதியவரின் திறமையும் இல்லை, நேர்மையும் இல்லை. அதைப் பெருமையாகச் சொல்வதை நிறுத்துங்கள்.

இதெல்லாம் கவனக்குறைவால் வரும் தவறுகள். திட்டமிட்ட மோசடிக்கு டேலி எப்படி இடம் கொடுக்கிறது என்று அறிய சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை ஒன்றே போதும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 அன்றைய இருப்பு நிலைக் குறிப்பில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று இருந்தன. அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்றார். வராத வட்டி 376 கோடி. காட்டாத பொறுப்பு 1,230 கோடி. கடனாளிகள் கணக்கில் 490 கோடி கூடுதல். அந்தக் காலாண்டின் வருவாய் 2,700 கோடி என்று காட்டப்பட்டது, உண்மையில் வந்தது 2,112 கோடி. செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று காட்டப்பட்டது, உண்மையில் வெறும் 61 கோடி.

இத்தனை பொய்யையும் சுமந்துகொண்டு அந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு டேலி ஆனது. எப்படி? ஒரு பக்கம் இல்லாத பணம், எதிர்ப்பக்கம் சம்பாதிக்காத லாபம். நடக்காத விற்பனைக்குக் கடனாளியைப் பற்று வைத்து விற்பனையை வரவு வைக்கலாம். பிறகு வராத பணத்துக்கு வங்கியைப் பற்று வைத்துக் கடனாளியை வரவு வைக்கலாம். இரண்டு பதிவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே இருக்கும். சொத்து, பொறுப்பு, முதல் ஆகிய மூன்றும் சேர்ந்த சமன்பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே அளவு பொய்யைச் சேர்த்தால் சமன்பாடு குலையாது. ஆகவே அந்தப் பொய்யைப் பேரேட்டுக்குள் தேடிப் பயனில்லை. வங்கியிடம் போய், “இந்த வைப்புத்தொகை உங்களிடம் இருக்கிறதா?” என்று நேராகக் கேட்டால்தான் அது வெளிப்படும். அந்தக் கேள்வியை வங்கிக்கு அனுப்புவதையும் பதிலைப் பெறுவதையும் தணிக்கையாளர்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் நிறுவனத்திடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011-இல் தன் உத்தரவில் குற்றம் சாட்டியது. ராமலிங்க ராஜு 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றத்தில் ஏழு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

அமெரிக்காவில் வேர்ல்ட்காம் செய்தது இன்னும் எளிய வேலை. மற்றத் தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணம் அந்தந்த ஆண்டின் செலவு. அதைத் தூக்கிச் சொத்துக் கணக்கில் வைத்தார்கள். பற்று பற்றாகவே இருந்தது, தலைப்பு மட்டும் மாறியது. 2002 ஜூனில் அவர்கள் ஒப்புக்கொண்ட தொகை சுமார் 380 கோடி டாலர். நம் நூல் கடையின் ஜெனரேட்டர் தவறு இங்கே தலைகீழாக, வேண்டுமென்றே நடந்தது. கண்டுபிடித்தவர் சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு. அவர்கள் மொத்தம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து நின்றுவிடவில்லை. இந்தச் சொத்து எங்கே, இதற்கான ரசீது எங்கே என்று கேட்டார்கள்.

கணக்கியல் துறை தன் அடித்தளம் எது என்பதை எழுதியே வைத்திருக்கிறது. பன்னாட்டுக் கணக்கியல் தர வாரியம் 2018-இல் திருத்தி வெளியிட்ட கருத்துருச் சட்டகம், பயனுள்ள நிதித் தகவலுக்கு இரண்டு அடிப்படைக் குணங்களைச் சொல்கிறது. ஒன்று, முடிவெடுக்கிறவருக்கு அது பொருத்தமாக இருக்க வேண்டும். மற்றொன்று, நடந்ததை உள்ளபடி காட்ட வேண்டும். உள்ளபடி என்றால் முழுமையாக, நடுநிலையாக, பிழையின்றி. இரண்டு மொத்தமும் சமமாக வருவது அந்தக் குணங்களின் பட்டியலிலேயே இல்லை. நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 129-ஆம் பிரிவில் நிதிநிலை அறிக்கை உண்மையான, நியாயமான தோற்றத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. இரட்டைப் பதிவு முறையில் எழுத வேண்டும் என்பது அதற்கு முந்தைய 128-ஆம் பிரிவில் தனியாக வருகிறது. எழுதும் முறை வேறு, எழுதியது உண்மையா என்பது வேறு. சட்டமே பிரித்து வைத்ததை ஒன்றாக்கிப் பேசாதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை விளக்கம் தேவையில்லை.

நம்பிக்கை 2: லாபம் வந்திருந்தால் அந்தப் பணம் கையில் இருக்க வேண்டும்.

உண்மை: கடனுக்கு விற்றாலும் அது விற்பனைதான், லாபம் அன்றே கணக்கில் ஏறும். பணம் மூன்று மாதம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். பணம் வந்துபோன நாளைப் பார்க்காமல், உரிமையும் பொறுப்பும் ஏற்பட்ட காலத்தைப் பார்த்து எழுதுவதே நிறுவனக் கணக்கின் அடிப்படை. பணம் எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால் ரொக்க ஓட்ட அறிக்கையைப் படியுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போய், தொழிலிலிருந்து வரும் ரொக்கம் ஆண்டுக்கு ஆண்டு வற்றுகிறது என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

நம்பிக்கை 3: பொதுக்காப்பு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பணம்.

உண்மை: காப்பு என்பது பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் தொழிலிலேயே விட்ட லாபம். அது எப்போதோ இயந்திரமாகவும் சரக்காகவும் கடனாளிகளின் நிலுவையாகவும் மாறியிருக்கும். “காப்புல 2 கோடி இருக்கே, போனஸ் கொடுக்கக் காசில்லையா?” என்று கேட்பதற்கு முன் வங்கி இருப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

நம்பிக்கை 4: தேய்மானம் என்பது புது இயந்திரம் வாங்க ஒதுக்கும் பணம்.

உண்மை: 10 லட்சம் ரூபாய் இயந்திரம் பத்து ஆண்டு உழைக்கும் என்றால், அதன் அடக்கவிலையை அந்தப் பத்து ஆண்டுகளுக்கும் பங்கிட்டு எழுதுவதுதான் தேய்மானம். அந்தப் பதிவால் ஒரு ரூபாய்கூடத் தனியாகச் சேராது. புது இயந்திரத்துக்குப் பணம் வேண்டுமானால் தனியாகச் சேமிக்க வேண்டும்.

நம்பிக்கை 5: இருப்பு நிலைக் குறிப்பைப் பார்த்தால் தொழிலின் விலை தெரியும்.

உண்மை: தெரியாது. 1985-இல் வாங்கிய நிலம் பல கணக்குகளில் இன்றும் வாங்கிய விலையிலேயே நிற்கிறது. நாற்பது ஆண்டு நாணயத்தால் சம்பாதித்த கடையின் பெயர் கணக்கில் ஏறுவதே இல்லை. பொது நிதி அறிக்கைகள் நிறுவனத்தின் மதிப்பைக் காட்டுவதற்காகத் தயாரிக்கப்படுபவை அல்ல என்று மேலே சொன்ன கருத்துருச் சட்டகமே தெளிவாகச் சொல்கிறது.

நம்பிக்கை 6: இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சோலி கண்டுபிடித்தார்.

உண்மை: 1494-இல் வெனிஸில் அச்சான நூலில் அவர் அங்கத்திய வணிகர்களின் வழக்கத்தை விளக்கி எழுதினார். ஜெனோவா நகர ஆட்சியின் 1340-ஆம் ஆண்டுப் பேரேடுகளிலேயே அந்த முறை இருக்கிறது.

நம்பிக்கை 7: ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மோசடி இல்லை என்று அர்த்தம்.

உண்மை: தணிக்கையாளர் தருவது நியாயமான உறுதி. முழு உத்தரவாதம் தர யாராலும் முடியாது. கணக்கைத் தயாரிக்கும் பொறுப்பும் மோசடியைத் தடுக்கும் பொறுப்பும் முதலில் நிர்வாகத்துடையவை. அதற்காக எங்கள் துறை தப்பித்துக்கொள்ளவும் கூடாது. கேட்க வேண்டியதைக் கேட்காத தணிக்கையாளருக்கு மன்னிப்பே கிடையாது.

இனி என் வேண்டுகோள். மார்ச் 31 அன்று கணினியில் மொத்தம் பார்ப்பதற்கு முன் வெளியே கேளுங்கள். வங்கியிடமிருந்து இருப்புச் சான்றை நேராக வாங்குங்கள், பொருளாளர் அச்சடித்துத் தரும் தாளை ஏற்காதீர்கள். ஒவ்வொரு பெரிய கடனாளிக்கும், நீங்கள் பணம் தர வேண்டிய ஒவ்வொருவருக்கும், “எங்கள் கணக்கில் உங்கள் நிலுவை இவ்வளவு, சரிதானா?” என்று நிலுவை உறுதிக் கடிதம் அனுப்புங்கள். பதில் கணக்கு எழுதுகிறவரின் கைக்குப் போகாமல் தணிக்கையாளருக்கு வரட்டும். கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணுங்கள். சங்கமானாலும் கோயில் குழுவானாலும் உறுப்பினர்கள் இதைக் கேட்பது அவமரியாதை அல்ல, உரிமை.

வணிகவியல் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இருப்பாய்வின் இரண்டு மொத்தமும் ஒத்துவந்ததும் கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போகப் பிள்ளைகளைப் பழக்குகிறீர்கள். ஆண்டுக்கு ஒரு நாள் அவர்களைப் பக்கத்துக் கூட்டுறவுப் பண்டகசாலைக்கு அழைத்துப்போய், இருப்புப் பதிவேட்டில் உள்ளதையும் அலமாரியில் உள்ளதையும் எண்ணி ஒப்பிடச் சொல்லுங்கள். எண்ணும்போது 48 பொட்டலம் இருந்து, பதிவேடு 60 என்று சொன்னால், மீதி 12 எங்கே என்று கேட்கும் பழக்கம் அங்கே பிறக்கும். நாளைக்கு 5,000 கோடி எங்கே என்று கேட்கப் போகிறவர்களும் அதே பிள்ளைகள்தான்.